சி.டி. ஸ்கேன் எடுக்கப் போகிறீர்களா? கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருப்பவன் சொல்வது

16 வருடமாக சி.டி. ஸ்கேன் அறையில் டெக்னீஷியனாக இருக்கிறேன். ஈயக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேஜையில் படுத்திருப்பவர் நீங்கள், இந்தப் பக்கம் உட்கார்ந்து "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று மைக்கில் சொல்பவன் நான். வருகிறவர்கள் அநேகமாக இரண்டே கேள்விதான் கேட்கிறார்கள். இது எத்தனை ஸ்லைஸ் மெஷின்? ரேடியேஷன் ரொம்ப வருமா? இரண்டுக்கும் கீழே பதில் சொல்கிறேன். ஆனால் அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது, அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வருகிறவர்கள் மிகக் குறைவு. இந்த ஸ்கேனில் டாக்டர் எதைத் தேடுகிறார்?

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இன்றைய மெஷின் ஒரே வயிற்றைப் பத்து விதமாக எடுக்கும். கல்லைத் தேடினால் ஒரு விதம், கல்லீரல் கட்டியைத் தேடினால் வேறு விதம், குடலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்க இன்னொரு விதம். எந்த விதம் என்பது தெரியாவிட்டால் எத்தனை கோடி ரூபாய் மெஷினாக இருந்தாலும் பயன் பாதிதான்.

முதலில் மெஷினைப் பற்றிக் கொஞ்சம்

எக்ஸ்ரே குழாய் ஒரு பக்கம், அதற்கு நேர் எதிரே கதிரை வாங்கிக்கொள்ளும் டிடெக்டர் மறுபக்கம், இரண்டும் உங்களைச் சுற்றி வருகின்றன. எல்லாக் கோணத்திலிருந்தும் எவ்வளவு கதிர் உடலைத் தாண்டி வந்தது என்று அளந்து, அதை வைத்து உள்ளே எந்த இடத்தில் எவ்வளவு அடர்த்தி என்று கணினி கணக்குப் போடுகிறது. ரொட்டியை வில்லை வில்லையாக வெட்டிப் பார்ப்பது போல உடலை வெட்டாமல் வெட்டிப் பார்க்கிறோம்.

1971 அக்டோபர் 1ஆம் தேதி லண்டன் விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மார்லி மருத்துவமனையில்தான் முதல் நோயாளிக்கு இப்படி எடுத்தார்கள். மூளையில் கட்டி இருக்குமோ என்று சந்தேகப்பட்ட ஒரு பெண். மெஷினைச் செய்தவர் இ.எம்.ஐ. நிறுவனத்தில் பொறியாளராக இருந்த காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட். அன்று ஒரு சுற்றுப் படத்துக்கே நான்கைந்து நிமிடம் ஆனது, படத்தில் குறுக்கே 80, நெடுக்கே 80 புள்ளிகள்தான். 1979இல் அவருக்கும், இதற்கான கணிதத்தைத் தனியாகவே கண்டுபிடித்திருந்த ஆலன் கார்மக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்றும் உங்கள் ரிப்போர்ட்டில் "ஹெச்.யு." என்று ஒரு எண் வந்தால் அது ஹவுன்ஸ்ஃபீல்ட் பெயரில் உள்ள அளவுதான். தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000, கொழுப்பு சுமார் மைனஸ் 100, உறைந்த புது ரத்தம் 60, 70 பக்கம், கெட்டியான எலும்பு 1000 அல்லது அதற்கும் மேல்.

சரி, ஸ்லைஸ் கணக்குக்கு வருகிறேன். 1980களின் கடைசியில் குழாயை நிறுத்தாமல் சுற்ற விட்டு, மேஜையையும் அப்படியே நகர்த்திச் சுருள் சுருளாக எடுக்க ஆரம்பித்தார்கள். 1998 வாக்கில் ஒரு சுற்றில் 4 படம் எடுக்கும் மெஷின் வந்தது, அப்புறம் 16, 2004இல் 64. ஒரு சுற்றில் உடலின் எவ்வளவு நீளத்தை அள்ளுகிறது என்பதுதான் இந்த எண்ணின் சாரம். அள்ளும் நீளம் கூடினால் ஸ்கேன் சீக்கிரம் முடியும், மூச்சு பிடிக்கும் நேரம் குறையும், அசைவினால் படம் கெடுவதும் குறையும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 128 ஸ்லைஸ் என்று போர்டு வைத்திருக்கும் மெஷின்கள் சிலவற்றில் டிடெக்டர் 64 வரிசைதான் இருக்கும், ஒரு வரிசையிலிருந்து இரண்டு படம் எடுத்து 128 என்று எண்ணுவார்கள். அது ஏமாற்று இல்லை, எண்ணும் முறை அப்படி. தலையில் அடிபட்டதற்கும், சைனஸுக்கும், சிறுநீரகக் கல்லுக்கும் 16 ஸ்லைஸ் மெஷினே தாராளமாகப் போதும். பக்கத்து ஊரிலேயே அது இருக்கும்போது வலியோடு நூறு கிலோமீட்டர் பயணம் செய்யாதீர்கள். இதயத்துக்கு மட்டும் 64க்குக் குறையக் கூடாது.

சீட்டை வாங்கும்போதே

டாக்டர் சீட்டு எழுதும்போது அங்கேயே கேட்டுவிடுங்கள்: "எதைப் பார்க்க எழுதியிருக்கீங்க, மருந்து ஏற்றி எடுக்கணுமா, வேண்டாமா?" நல்ல டாக்டர்கள் இதற்குக் கோபப்பட மாட்டார்கள். (இங்கே மருந்து என்பது படத்தில் உறுப்புகள் பளிச்சென்று தெரிய நரம்பில் ஏற்றுவது, விவரம் கீழே.) சீட்டில் வெறுமனே "சி.டி. வயிறு" என்று இருந்தால், என்ன தொந்தரவு என்பதையும் ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள்.

கல் சந்தேகம் என்றால் மருந்து இல்லாமல் சாதாரணமாக எடுத்தாலே போதும். எக்ஸ்ரேயில் தெரியாத யூரிக் அமிலக் கல்கூட சி.டி.யில் தெரிந்துவிடும். அதே ஆளுக்கு மருந்து ஏற்றி, மருந்து சிறுநீர்ப் பாதைக்குள் இறங்கிய நேரத்தில் எடுத்தோமானால் மருந்தும் வெள்ளை, கல்லும் வெள்ளை, இரண்டும் ஒன்றாகிவிடும். கல்லீரல் கட்டிக்கு நேர் எதிர். மருந்து தமனியில் இருக்கும்போது ஒரு முறை, சிரைக்கு வந்தபின் ஒரு முறை, சில நிமிடம் கழித்து இன்னொரு முறை எடுக்க வேண்டும். எந்தக் கட்டி எப்போது மருந்தை வாங்கி எப்போது விடுகிறது என்பதை வைத்துத்தான் அது என்ன கட்டி என்று ரேடியாலஜிஸ்ட், அதாவது படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர், சொல்வார்.

சில வருடங்களுக்கு முன் ஒருவர் "சி.டி. நெஞ்சு" என்று எழுதிய சீட்டோடு வந்தார். மூச்சு வாங்குகிறது, நிமோனியாவாக இருக்கலாம் என்று குறிப்பு. மேஜையில் ஏற்றிப் படுக்க வைக்கும்போது பார்த்தால் இடது கால் மட்டும் வீங்கி இருக்கிறது. "ஐயா, இந்தக் கால் எப்போதிலிருந்து இப்படி இருக்கு?" என்றேன். பத்து நாள் முன்னால் பெரிய அறுவை சிகிச்சை, அதற்கப்புறம் படுக்கையிலேயே இருந்தேன் என்றார். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்திருக்கலாம். அதைப் பார்க்க வேண்டுமானால் மருந்து நுரையீரல் தமனியில் நிறைந்திருக்கும் அந்தச் சில வினாடிக்குள் எடுக்க வேண்டும், சாதாரண நெஞ்சு ஸ்கேனில் அது நழுவிவிடலாம். ரேடியாலஜிஸ்டைக் கூப்பிட்டேன், அவர் டாக்டரிடம் பேசி ஸ்கேனையே மாற்றினார். இரண்டு பக்கமும் அடைப்பு இருந்தது. கால் வீங்கியிருக்கிறது என்று அவரே வாசலில் சொல்லியிருந்தால் நான் பார்த்திருக்க வேண்டியதே இல்லை. அதனால்தான் சொல்கிறேன், சின்ன விஷயம் என்று நினைத்து எதையும் விடாதீர்கள். சமீபத்தில் செய்த ஆபரேஷன், பழைய புற்றுநோய், உள்ளே வைத்த பிளேட், ஸ்டென்ட், பேஸ்மேக்கர், எல்லாவற்றையும் எங்களிடம் சொல்லுங்கள்.

மருந்து ஏற்றி எடுப்பது

மருந்து என்று நாம் சொல்வது அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட். இது நோயைக் குணப்படுத்தாது, ரத்தத்தோடு ஓடிப் போய் ரத்தக்குழாயையும் உறுப்புகளையும் பளிச்சென்று காட்டும், பிறகு சிறுநீரில் வெளியேறும். வெளியேற்றுவது சிறுநீரகம் என்பதால்தான் கிரியேட்டினின் பரிசோதனை கேட்கிறோம். ஊர்ப்பக்கம் "கிட்னியில உப்பு எவ்வளவு" என்பார்களே, அதுதான். சமீபத்திய ரிப்போர்ட் கையில் இருந்தால் அரை நாள் மிச்சம்.

கிரியேட்டினினிலிருந்து கணக்கிடும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற எண் 30க்கு மேல் இருந்தால் பெரும்பாலோருக்குப் பயப்பட ஒன்றுமில்லை. 30க்குக் கீழே என்றால் மருந்து கட்டாயம் வேண்டுமா என்று டாக்டர்கள் யோசிப்பார்கள், வேண்டுமென்றால் நரம்பில் சலைன் ஏற்றிவிட்டுச் செய்வார்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் ஸ்கேனுக்கு இரண்டு நாள் முன்பே மாத்திரையை நிறுத்திவிட்டு வந்து சர்க்கரை 350இல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்யாதீர்கள். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்கள் நிறுத்தத் தேவையில்லை என்பதுதான் பல நாட்டு ரேடியாலஜி வழிகாட்டுதல்களில் இப்போது உள்ளது. எண் 30க்குக் கீழே போனவர்கள் ஸ்கேன் நேரத்தில் நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துச் சிறுநீரகத்தைச் சரிபார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும். எப்படியானாலும் டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

மீன், இறால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இந்த மருந்து ஆகாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, சில ஆஸ்பத்திரிப் படிவத்தில்கூட அச்சடித்திருக்கிறார்கள். இறால் ஒவ்வாமை இறாலில் உள்ள புரதத்தால் வருவது, அயோடினால் இல்லை. நாம் தினமும் சாப்பிடும் உப்பிலேயே அயோடின் இருக்கிறது. உண்மையில் நீங்கள் சொல்ல வேண்டியது வேறு: இதே கான்ட்ராஸ்ட் முன்பு எப்போதாவது ஏற்றி உடம்பில் தடிப்பு, மூச்சுத்திணறல், மயக்கம் வந்ததா? வந்திருந்தால் அது எந்த மருந்து என்ற சீட்டு இருந்தால் கொண்டு வாருங்கள். வேறு கான்ட்ராஸ்ட் கொடுக்கலாம், முதல் நாள் இரவிலிருந்தே ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்துத் தயார் செய்யலாம், மருந்தே இல்லாத வேறு பரிசோதனைக்கும் போகலாம். ஆஸ்துமா இருந்தாலும் தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் சொல்லிவிடுங்கள்.

இப்போது பயன்படுத்தும் மருந்துகளில் கடுமையான ஒவ்வாமை 10,000 பேரில் சுமார் 4 பேருக்கு வருகிறது. வந்தால் பெரும்பாலும் முதல் 20 நிமிடத்துக்குள் வந்துவிடும். அதற்குத்தான் ஸ்கேன் முடிந்தும் அரை மணி நேரம் உட்கார வைக்கிறோம். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிடாதீர்கள், தயவுசெய்து.

மருந்து ஏற்றக் கையில் போட்டு வைக்கும் ஊசியான வென்ஃப்ளானைப் பற்றி ஒரு வார்த்தை. வார்டிலிருந்து வருகிறவர்களுக்குப் புறங்கையில் நீல நிறத்தில் மெல்லிய ஊசி இருக்கும். சாதாரண ஸ்கேனுக்குச் சமாளிக்கலாம். ஆனால் ரத்தக்குழாய், இதயம், நுரையீரல் அடைப்பு பார்க்கும் ஸ்கேனில் வினாடிக்கு 4, 5 மில்லி வேகத்தில் மெஷின் மருந்தைத் தள்ளும். அதற்கு முழங்கை மடிப்புப் பக்கம் இன்னும் தடிமனான பச்சை அல்லது பிங்க் நிற ஊசி வேண்டும். இன்னொரு குத்தா என்று கோபப்படாதீர்கள். மருந்து போகும்போது உடம்பெல்லாம் சூடாகும், வாயில் ஒரு உலோகச் சுவை வரும், சிறுநீர் போய்விட்டது போலவே இருக்கும் (போயிருக்காது). அரை நிமிடத்தில் அடங்கிவிடும். இது எல்லாருக்கும் வருவது. ஊசி போட்ட இடத்தில் மட்டும் சுருக்கென்று வலித்து வீங்கினால் உடனே சத்தமாகச் சொல்லுங்கள், மருந்து வெளியே கசிகிறது என்று அர்த்தம், நான் உடனே நிறுத்துவேன். கையை ஆட்டிக் காட்டாதீர்கள், குரல் கொடுங்கள், மைக் எப்போதும் திறந்தேதான் இருக்கும்.

வெறும் வயிறு பற்றி: பல இடங்களில் 4 மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்வார்கள். சில வழிகாட்டுதல்கள் அதுவே தேவையில்லை என்கின்றன. நீங்கள் போகும் சென்டர் சொல்வதைப் பின்பற்றுங்கள், ஆனால் தண்ணீரை நிறுத்தாதீர்கள், பிரஷர் மாத்திரையை விடாதீர்கள். முதல் நாள் இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து காத்திருக்கும் பெரியவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது, சிறுநீரகத்துக்கும் அது கெடுதல். பால் கொடுக்கும் தாய்மார்கள் ஸ்கேனுக்குப் பிறகு பாலைப் பீய்ச்சிக் கொட்ட வேண்டியதில்லை. பாலில் இறங்கும் மருந்து மிகமிகக் குறைவு, கொடுக்கலாம்.

மேஜையில்

படம் எடுக்கும் பகுதியில் உலோகம் இருக்கக் கூடாது. தாலிக்கொடி, அரைஞாண் கயிற்றில் கோத்த தாயத்து, கொக்கி, ஜிப், தலையில் ஹேர்பின், கட்டிய பல்செட், எல்லாமே படத்தில் வெள்ளைக் கீற்றாக விழும். நகையை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது எல்லாருக்கும் நிம்மதி. கையைத் தலைக்கு மேலே தூக்கச் சொன்னால் முடிந்தவரை தூக்குங்கள், கை குறுக்கே இருந்தால் படமும் கெடும், உங்கள் மேல் விழும் கதிரின் அளவும் (டோஸ்) கூடும். மூச்சு பிடிக்கச் சொல்லும்போது நெஞ்சு வெடிக்க இழுக்க வேண்டாம், சாதாரணமாக இழுத்து அப்படியே நிறுத்தினால் போதும். பத்து வினாடிகூட ஆகாது.

இதயத்துக்கு எடுப்பது

சி.டி.யில் பெரிய மாற்றம் வந்தது இங்கேதான். துடிக்கும் இதயத்தில் 2, 3 மில்லிமீட்டர் அகலமுள்ள குழாயை அசையாமல் படம் பிடிப்பது என்பது 25 வருடம் முன்பு நடக்காத காரியம். 2005இல் இரண்டு எக்ஸ்ரே குழாய் ஒரே நேரத்தில் சுற்றும் மெஷின் வந்தது, 2007இல் 320 வரிசை மெஷின் வந்தது. பின்னது 16 சென்டிமீட்டரை, அதாவது முழு இதயத்தையும், மேஜையை நகர்த்தாமல் ஒரே சுற்றில் எடுத்துவிடும்.

நெஞ்சுவலி இருக்கிறது, மாரடைப்பு இல்லை, இதயக் குழாயில் அடைப்பு இருக்குமோ என்று சந்தேகம். இப்படிப்பட்டவருக்குத்தான் இது மிகவும் உபயோகம். ஸ்காட்லாந்தில் 4,146 பேரை வைத்துச் செய்த ஸ்காட்-ஹார்ட் ஆய்வின் ஐந்து வருட முடிவு 2018இல் வந்தது. வழக்கமான பரிசோதனையோடு சி.டி.யும் எடுத்தவர்களில் 2.3 சதவீதம் பேருக்கு மாரடைப்போ இதய மரணமோ ஏற்பட்டது, எடுக்காதவர்களில் 3.9 சதவீதம். ஸ்கேன் யாரையும் குணப்படுத்துவதில்லை. படிவு இருப்பது கண்ணால் தெரிந்ததும் சரியான மருந்தைச் சரியான ஆளுக்குத் தொடங்கினார்கள், அதனால் வந்த வித்தியாசம்.

தயாராவது எப்படி? அன்று காலை காபி, டீ வேண்டாம். நாடித்துடிப்பு 60, 65க்குக் கீழே இருந்தால் படம் பிரமாதமாக வரும், அதற்காகத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை கொடுப்பார்கள். ஆஸ்துமா இருந்தால் அந்த மாத்திரை ஆகாமல் போகலாம், முன்னாடியே சொல்லுங்கள். அவசரமாக மாடிப்படி ஏறி வராதீர்கள், ஒரு மணி நேரம் முன்னால் வந்து அமைதியாக உட்காருங்கள். நாக்கின் கீழே ஒரு ஸ்பிரே அல்லது மாத்திரை தருவார்கள், அது குழாயை விரித்துக் காட்டும். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் போன்ற மாத்திரையைக் கடந்த இரண்டு மூன்று நாளில் சாப்பிட்டிருந்தால் இந்த ஸ்பிரே ரத்த அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். கூட மனைவியோ மகளோ நிற்கும்போது இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும், புரிகிறது. ஒரு நிமிடம் தனியாகப் பேசணும் என்று மட்டும் சொல்லுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இதயக் குழாயில் எவ்வளவு சுண்ணாம்பு படிந்திருக்கிறது என்று பார்க்கக் கால்சியம் ஸ்கோர் என்று ஒன்று எடுப்பார்கள், அதற்கு மருந்தே வேண்டாம். 0 வந்தால் நல்ல செய்திதான், ஆனால் சுண்ணாம்பு சேராத மென்மையான படிவு இருக்கக்கூடும். வலி இருப்பவர் அதை நம்பி வீட்டில் இருந்துவிடக் கூடாது.

பக்கவாதம் வந்தால்

இதற்குத் தயாராக ஒன்றுமில்லை, ஓட வேண்டும். முகம் ஒரு பக்கம் கோணுகிறது, ஒரு கை விழுகிறது, பேச்சு குழறுகிறது என்றால் 24 மணி நேரமும் சி.டி. இயங்கும் ஆஸ்பத்திரிக்கு நேரே போங்கள், இடையில் வேறெங்கும் இறங்காதீர்கள். நோயாளி கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை ஒரு பேப்பரில் எழுதிக்கொள்ளுங்கள். கண்டுபிடித்த நேரம் வேறு, கடைசியாக நன்றாக இருந்த நேரம் வேறு, டாக்டருக்கு வேண்டியது இரண்டாவது.

முதலில் மருந்தில்லாத சி.டி. மூளைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறதா என்று சில வினாடியில் தெரிந்துவிடும். கசிவு இல்லை, அடைப்புதான் என்றால் நாலரை மணி நேரத்துக்குள் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம். இங்கே பலர் குழம்புகிறார்கள்: "ஸ்கேன் நார்மல்னு சொல்றாங்க, அப்புறம் எதுக்கு ஊசி?" அடைப்பு வந்த முதல் சில மணி நேரம் சாதாரண ஸ்கேன் நார்மலாகவே இருக்கலாம், ஊசியால் பலன் கிடைப்பதும் அந்த நேரத்தில்தான். அடுத்து மருந்து ஏற்றிக் கழுத்திலிருந்து மூளை வரை ரத்தக்குழாயைப் பார்ப்பார்கள். பெரிய குழாய் அடைத்திருந்தால் உள்ளே கம்பி விட்டுக் கட்டியை வெளியே இழுக்கலாம். 2018இல் வந்த டான், டிஃப்யூஸ் 3 என்ற இரண்டு ஆய்வுகளுக்குப் பிறகு, மூளையில் எவ்வளவு பகுதி செத்துவிட்டது, எவ்வளவு இன்னும் காப்பாற்றக்கூடியது என்று படத்தில் பிரித்துப் பார்த்து, தகுதியானவர்களுக்கு 24 மணி நேரம் வரைகூட இதைச் செய்கிறார்கள். அதனால் தூங்கி எழுந்தபோதே கை வரவில்லை என்றாலும், நேரம் போய்விட்டது என்று நீங்களாகவே முடிவு செய்து வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

ரேடியேஷன்

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் லேசான காய்ச்சல் வந்தவர்கள்கூட சி.டி. எடுக்க வரிசையில் நின்றார்கள். அப்போது எய்ம்ஸ் இயக்குநராக இருந்த ரந்தீப் குலேரியா, ஒரு சி.டி. 300 முதல் 400 மார்பு எக்ஸ்ரேக்குச் சமம் என்று எச்சரித்தார். அது பழைய காலக் கணக்கு என்று இந்திய ரேடியாலஜிஸ்டுகளின் சங்கம் மறுத்தது. தேவையில்லாமல் எடுக்காதீர்கள் என்று அவர் சொன்னது சரி, நானும் அந்த வரிசையைப் பார்த்து அதையேதான் நினைத்தேன். ஆனால் அந்த எண் பலரை அப்படியே பயமுறுத்திவிட்டது, பிற்பாடு உண்மையிலேயே ஸ்கேன் தேவைப்பட்டவர்கள்கூடத் தயங்கினார்கள்.

தோராயமாகச் சொல்கிறேன். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாகவே நம் மேல் விழும் கதிர் உலக சராசரியில் வருடத்துக்கு 2.4 மில்லிசீவெர்ட் (உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு). தலைக்கு ஒரு சி.டி. சுமார் 2, நெஞ்சுக்கு 6, 7, வயிறும் இடுப்பும் சேர்த்து 8 பக்கம். வயிற்றை மருந்து இல்லாமல் ஒன்று, மருந்தோடு ஒன்று என இருமுறை எடுத்தால் 15. நுரையீரலுக்கென்று இருக்கும் குறைந்த டோஸ் முறையில் 1.5. மார்பு எக்ஸ்ரே 0.1 அல்லது அதற்கும் குறைவு. உடம்பின் பருமனுக்கு ஏற்ப மெஷினே கதிரைக் கூட்டிக் குறைக்கிறது, 2009க்குப் பிறகு பரவிய புதுக் கணக்கீட்டு முறைகளும் 2019இலிருந்து வந்த செயற்கை நுண்ணறிவு முறைகளும் குறைந்த கதிரில் எடுத்த புள்ளிபுள்ளியான படத்தையும் தெளிவாக்கித் தருகின்றன. ஸ்கேன் முடிந்தபின் உடம்பில் கதிர் தங்குவதில்லை. வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கலாமா என்று கேட்கிறார்கள், தாராளமாகத் தூக்குங்கள்.

டோஸைக் குறைக்க உங்களால் முடிந்தது: பழைய ஸ்கேனைக் கொண்டு வந்து, அதுவே போதுமா என்று கேளுங்கள். குழந்தைக்கு என்றால், அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ போதாதா என்று கேளுங்கள், போதாது என்றால் குழந்தைகளுக்கான டோஸில் எடுக்கச் சொல்லுங்கள். மாதவிடாய் தள்ளிப் போயிருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அப்புறம், எந்தத் தொந்தரவும் இல்லாமல் முழு உடம்புக்கும் சி.டி. என்று பேக்கேஜ் விற்றால் வாங்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. ஏதோ ஒரு புள்ளி தெரியும், அதைத் துரத்தி இன்னும் நான்கு பரிசோதனை, இரண்டு மாதத் தூக்கம் போய்விடும். விதிவிலக்கு ஒன்று உண்டு. பல வருடம் கடுமையாகப் புகைத்தவர்களுக்குக் குறைந்த டோஸ் நுரையீரல் சி.டி. உதவும் என்று அமெரிக்காவில் 53,454 பேரிடம் செய்த ஆய்வு 2011இல் காட்டியது. நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைந்தது. நம் நாட்டில் பழைய காசநோய்த் தழும்புகள் நிறையப் பேருக்கு இருப்பதால் புள்ளிகளும் நிறையத் தெரியும், அதனால் நெஞ்சு மருத்துவரிடம் பேசிவிட்டு இதற்குப் போங்கள்.

புதிதாக வந்திருப்பவை

இரண்டு விதச் சக்தியுள்ள கதிரில் எடுக்கும் டூயல் எனர்ஜி முறை, கல் இருக்கிறது என்பதோடு என்ன கல் என்றும் சொல்லும். யூரிக் அமிலக் கல் என்றால் மாத்திரையிலேயே கரைக்க முயலலாம், கால்சியம் கல் அப்படிக் கரையாது. மூட்டில் யூரிக் அமிலம் படிந்திருப்பதை நிறம் பிரித்துக் காட்டவும் இது பயன்படுகிறது. அடிக்கடி கல் வருகிறவர்கள் இந்த வசதி இருக்கிறதா என்று கேட்கலாம்.

அதற்கடுத்தது போட்டான் கவுண்டிங். சாதாரண டிடெக்டர் எக்ஸ்ரேயை முதலில் ஒளியாக மாற்றி, ஒளியை மின்சாரமாக மாற்றும், வழியில் கொஞ்சம் தகவல் சிந்தும். புதியதில் காட்மியம் டெல்லுரைடு போன்ற பொருள் நேராகவே மின்சாரமாக மாற்றுகிறது, ஒவ்வொரு போட்டானையும் (எக்ஸ்ரேயின் ஒரு துகள்) தனித்தனியே எண்ணி அதன் சக்தியையும் குறித்துக்கொள்கிறது. 0.2 மில்லிமீட்டர் மெல்லிய படம் வரை வருகிறது. முதல் மெஷினுக்கு அமெரிக்க எஃப்.டி.ஏ. 2021 செப்டம்பரில் அனுமதி தந்தது. சுண்ணாம்பு நிறையப் படிந்த இதயக் குழாய், ஸ்டென்ட்டின் உட்புறம், காதின் சின்ன எலும்புகள், இந்த மாதிரி இடங்களில்தான் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஸ்டென்ட் வைத்தவர், பழைய ஸ்கேனில் தெளிவில்லை என்று எழுதியிருப்பவர், இவர்கள் தேடிப் போவதில் அர்த்தம் உண்டு. குடல்வால் வலிக்கு அதைத் தேடி அலைய வேண்டாம், கிடைக்கிற மெஷினில் உடனே எடுங்கள்.

எடுத்து முடித்தபின்

அன்று முழுவதும் தண்ணீர் நன்றாகக் குடியுங்கள் (தண்ணீர் அளவு பார்த்துக் குடிக்கச் சொல்லியிருக்கும் இதய, சிறுநீரக நோயாளிகள் தவிர). ரிப்போர்ட் மட்டும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். பிலிமில் இருப்பது தேர்ந்தெடுத்த சில படங்கள், மெஷின் எடுத்ததோ பல நூறு. முழுவதும் டைகாம் (மருத்துவப் படங்களுக்கான கோப்பு வடிவம்) கோப்பாகக் குறுந்தகட்டில் கேளுங்கள். பிலிமை ஜன்னலில் வைத்து மொபைலில் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பினால் வெளியூர் டாக்டரால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. தகட்டின் மேல் தேதியும் உறுப்பும் எழுதுங்கள், வீட்டுக் கணினியில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு அம்மா வந்தார். வேறு ஊரில் எடுத்த நெஞ்சு ஸ்கேனில் வலது நுரையீரலில் 7 மில்லிமீட்டர் புள்ளி, ஊசி போட்டுச் சதை எடுக்க வேண்டியிருக்கும் என்று யாரோ சொல்ல, மகன் முகம் வெளுத்து நின்றார். முன்னால் எப்போதாவது நெஞ்சுக்கு ஸ்கேன் எடுத்திருக்கீங்களா அம்மா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மஞ்சள் பையிலிருந்து 2019இல் எடுத்த தகட்டை உருவினார். ரேடியாலஜிஸ்ட் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே புள்ளி, அதே இடம், அதே அளவு. இத்தனை வருடம் வளராத கெட்டியான புள்ளிக்கு ஊசியும் தேவையில்லை, இன்னொரு ஸ்கேனும் தேவையில்லை என்று எழுதிக் கொடுத்தார். அந்த அம்மா இரண்டு தகட்டையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் சேர்த்துப் போட்டு, அதே மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.